கூரை இல்லாத ஒரு பத்மினி

1954 நவம்பர் 1. காரைக்காலில் பிரெஞ்சு நிர்வாகம் முடிந்து, நம்ம ஊர் இந்தியாவின் கைக்கு வந்த நாள். (சட்டப்படியான மாற்றம் 1962-ல்தான் முடிந்தது, அது தனிக்கதை.) அதே 1954-ல்தான் பம்பாய் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஃபியட் 1100 காரை இங்கே பூட்டி விற்க ஆரம்பித்தது. பின்னாளில் 'பிரீமியர் பத்மினி' ஆனது இதே வண்டிதான். (நடிகை பத்மினி அல்ல, சித்தூர் ராணி பத்மினி!)

இந்த பத்மினிக்கு இத்தாலியில் ஓர் அழகான உடன்பிறப்பு இருந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

1955 மார்ச், ஜெனிவா கார் கண்காட்சி. அங்கே ஃபியட் காட்டிய புதுவண்டியின் பெயர் '1100 டிவி டிராஸ்ஃபார்மாபிலே'. டிவி என்றால் தொலைக்காட்சி இல்லை நண்பர்களே! 'துரிஸ்மோ வெலோச்சே', அதாவது வேகமான சுற்றுலா வண்டி. டிராஸ்ஃபார்மாபிலே என்றால் மாற்றக்கூடியது. வெயில் வேண்டுமா, துணிக்கூரையை மடக்கலாம். மழையா, இழுத்து மூடலாம். இரண்டே இருக்கை. முன்கண்ணாடி இரண்டு பக்கமும் வளைந்து நிற்கும். அந்தக் கால அமெரிக்கக் கார்களின் வாடை நன்றாகவே அடிக்கும். வடிவமைத்தவர் ஃபியட்டிலேயே வேலை பார்த்த ஃபாபியோ லூய்ஜி ராப்பி.

எஞ்சின்? நம்ம பத்மினியில் இருந்த அதே 1,089 சிசி அளவுதான்.

அப்படியானால் பத்மினியின் கூரையை வெட்டினால் இந்த வண்டி வந்துவிடுமா? வராது. 1953-ல் வந்த ஃபியட் 1100-ல் தனிச் சட்டம் (சேஸிஸ்) கிடையாது. உடலும் சட்டமும் ஒன்றே. அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்துவிட்டால் பெட்டி எப்படி முறுக்கிக்கொள்கிறதோ, அப்படித்தான் கூரை போன காரும் ஆகும். அதனால் திறந்த கார் செய்ய அடிப்பாகத்தைத் தனியாக உறுதிப்படுத்த வேண்டும். செலவு கூடும், எடையும் கூடும்.

1957-ல் 1,221 சிசி எஞ்சினுடன் '1200' ஆனது. 1959-ல் பினின்ஃபரீனா வரைந்த புது வண்டி வந்ததும் இதன் கதை முடிந்தது. இரண்டு வகையும் சேர்த்து நாலாயிரத்தைக்கூடத் தொடவில்லை. சாதாரண 1100 வகை இத்தாலியில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல்!

இந்தியாவில் இதை ஏன் செய்யவில்லை? உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யத் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம் என்று 1950-களில் அரசு சொன்னது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிப் போயின. மிஞ்சிய சில வண்டிகளுக்கே வருஷக்கணக்கில் காத்திருந்த நாட்டில், இரண்டு பேர் காற்று வாங்க ஒரு காரா? குடும்பத்தோடு நாலைந்து பேர் போக வேண்டும், வாடகைக்கு ஓட வேண்டும். ஐப்பசி மழையில் நனையாமல் காரைக்காலிலிருந்து திருநள்ளாறு போய்ச் சேர வேண்டும்!

ஆனால் யோசித்துப் பாருங்கள். அபூர்வமான அந்தத் திறந்த காரை வெளிநாட்டில் பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறார்கள். நமக்கு அரை நூற்றாண்டு உழைத்த பத்மினியோ எடைக்குப் போய்க்கொண்டே இருந்தது. மும்பையின் கடைசி பத்மினி டாக்சிகளும் 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டன. எண்ணிக்கையில் நிறைய இருந்ததாலோ என்னவோ, அதைப் பாதுகாக்கப் பலரும் நினைக்கவில்லை.

உங்கள் தாத்தா வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய ஃபியட் தூங்குகிறதா? காயலான் கடைக்காரரைக் கூப்பிடும் முன், அது எந்த வருஷத்து வண்டி, எங்கெல்லாம் ஓடியது என்று தாத்தாவிடம் கேட்டு எழுதியாவது வையுங்கள்.