பரண் மேல் எட்டுப் பேர்

1941 அக்டோபர் 15. ஜெர்மானியர் பிடியில் இருந்த போலந்தில், நாஜி ஆளுநர் ஹான்ஸ் ஃபிராங்க் ஓர் ஆணை பிறப்பித்தார். யூதர்களை அடைத்து வைத்திருந்த குடியிருப்பான கெட்டோவை விட்டு வெளியேறும் யூதருக்கு மரண தண்டனை. தெரிந்தே அவருக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கும் அதுவே. நடைமுறையில், அந்தத் தண்டனை குடும்பம் முழுவதன் மீதும் விழுந்தது.

இதெல்லாம் தெரிந்துதான் யூசெஃப் உல்மா கதவைத் திறந்தார்.

தென்கிழக்குப் போலந்தில் உள்ள மார்க்கோவா கிராமத்து விவசாயி அவர். பழமரம் வளர்ப்பார், தேனீ வளர்ப்பார், ஊராரைப் புகைப்படம் எடுப்பார். மனைவி விக்டோரியா. 1942 இறுதிவாக்கில் எட்டு யூதர்கள் அவர்கள் வீட்டுப் பரணுக்கு வந்து சேர்ந்தார்கள்: சவுல் கோல்ட்மன், அவருடைய நான்கு மகன்கள், இரண்டு பெண்கள், ஒரு சிறுமி. ஒருநாள் இருநாள் அல்ல, ஓராண்டுக்கும் மேல். அத்தனை பேருக்கும் தினமும் உணவு தேட வேண்டும். அதுவும் அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமல். ஒளிந்திருந்தவர்கள் தோல் பதனிடும் வேலையில் யூசெஃபுக்குக் கைகொடுத்தார்கள்.

யாரோ காட்டிக்கொடுத்தார்கள். வான்சுட் நகரில் ஜெர்மானியருக்குக் கீழ் வேலை பார்த்த ஒரு போலீஸ்காரர்தான் அவர் என்று பரவலாகக் கருதப்படுகிறது. 1944 மார்ச் 24, விடியும் முன் ஐலெர்ட் டீக்கன் என்ற அதிகாரியின் தலைமையில் ஜெர்மன் காவல்படை வீட்டைச் சூழ்ந்தது. முதலில் யூதர்களைச் சுட்டார்கள். பிறகு யூசெஃபையும் நிறைமாதக் கர்ப்பிணியான விக்டோரியாவையும். கடைசியில் பிள்ளைகளை. ஏழு வயது ஸ்தானிஸ்வாவா முதல் ஒன்றரை வயது மரியா வரை ஆறு பேர். ஒருவரையும் விடவில்லை.

டீக்கனை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. போருக்குப் பின் அவர் ஜெர்மனியில் போலீஸ் வேலை பார்த்தார், 1960-இல் இறந்தார்.

யூதர்களைக் காக்க முயன்றதற்காக உல்மா தம்பதியை 1995-இல் இஸ்ரேலின் யூத இனப்படுகொலை நினைவு நிறுவனமான யாட் வாஷெம் கௌரவித்தது. அந்தக் கௌரவம் பெற்ற போலந்து நாட்டவர் 7,000 பேருக்கும் மேல். வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இல்லை. 2023 செப்டம்பர் 10 அன்று கத்தோலிக்கத் திருச்சபை குடும்பம் முழுவதையும் அருளாளர்களாக அறிவித்தது.

ஆனால் மார்க்கோவாவின் கதை அந்த ஒரு வீட்டோடு முடியவில்லை. அதே கிராமத்தின் வேறு வீடுகளிலும் யூதர்கள் ஒளிந்திருந்தார்கள். பச்சைக் குழந்தைகளைக்கூட விட்டுவைக்காத கொலையைப் பார்த்த பிறகும் அந்த வீட்டுக்காரர்கள் தம்மை நம்பி வந்தவர்களைக் கைவிடவில்லை. சுமார் 20 யூதர்கள் அங்கே உயிர் பிழைத்தார்கள். முதல் நாள் கதவைத் திறக்கத் துணிவு வேண்டும். மார்ச் 24-க்குப் பிறகும் அடைக்கலத்தைத் தொடர அதைவிடப் பெரிய துணிவு வேண்டும். அந்தத் துணிவு மார்க்கோவாவில் இருந்தது.

(தொடரும்)

அடுத்த வாரம்: வார்சாவில் யூதர்களைக் காக்கவென்றே உருவான ரகசிய அமைப்பு, ‘ஜெகோட்டா’.