ஏட்டில் இல்லாத நாச்சி

1803 ஓகஸ்ட் 25. முல்லைத்தீவுக் கோட்டை வன்னித் தலைவன் பண்டாரவன்னியனின் கைக்கு வந்தது. அங்கே இருந்த ஆங்கிலப் படை கடல்வழியே யாழ்ப்பாணத்துக்குத் தப்பியது. அதே ஆண்டு ஜூன் மாதம் கண்டியில் தங்கியிருந்த ஆங்கிலப் படை அழிக்கப்பட்டிருந்தது. கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தரிடமிருந்து பிடித்து ஏழு ஆண்டுகளே ஆகியிருந்த ஆங்கிலேயருக்கு, கண்டிக்குப் பிறகு வன்னியில் விழுந்த இந்த இரண்டாவது அடி பொறுக்க முடியாததாக இருந்தது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் திருகோணமலையிலும் படை திரட்டினார்கள். ஒக்டோபர் 31 அன்று, ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில், திருகோணமலையிலிருந்து வந்த வொன் டிறிபேர்க்கின் படை வன்னியனைத் திடீரெனத் தாக்கித் தோற்கடித்தது. நூறு ஆண்டுகள் கழித்து அந்த இடத்தில் ஆங்கில அரசு ஒரு கல் நாட்டியது. வென்ற கப்டனின் பெயரும் தோற்றவனின் பெயரும் தேதியும் அதில் இருந்தன.

ஏடு தருவது இவ்வளவுதான். எந்தப் படை எங்கிருந்து புறப்பட்டது, எந்த நாள் வந்து சேர்ந்தது என்பதெல்லாம் அதில் உண்டு. தோற்ற பக்கத்தில் யார் யாருக்காகக் காத்திருந்தார்கள், எந்த வீட்டில் அடுப்பு அணைந்தது என்று எழுத வெள்ளைக்கார அதிகாரிக்கு அவசியம் இருக்கவில்லை. அந்த வெற்றிடத்துக்குள்தான் புனைகதை நுழைந்தது.

வன்னியில் யாரைக் கேட்டாலும் குருவிச்சி நாச்சியார் என்ற பெயரைச் சொல்வார்கள். பண்டாரவன்னியன் மனம் வைத்த பெண் அவள். அவனுடைய தங்கை நல்லநாச்சியை மணக்கக் கேட்டு மறுக்கப்பட்ட காக்கை வன்னியன், அந்த வஞ்சத்தில் வெள்ளையரோடு சேர்ந்து காட்டிக்கொடுத்தான் என்பது கதை. வன்னியன் வீழ்ந்தான் என்று கேட்ட குருவிச்சியும் உயிரை விட்டாள் என்று முடிப்பார்கள். நான் அறிந்தவரையில் அக்கால ஆங்கில ஏடுகள் குருவிச்சியைப் பற்றிப் பேசுவதில்லை. வன்னியன் கற்சிலைமடுவில் மாண்டான் என்பதும் ஏட்டோடு பொருந்தவில்லை. பின்வந்த ஆண்டுகளிலும் அவன் பெயர் அடிபடுவதால், அன்று அவன் தப்பிவிட்டான் என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு.

இந்தக் கதைக்கு மேடையில் நிலைத்த உருவம் கொடுத்தவர் முல்லைமணி. முள்ளியவளையைச் சேர்ந்த வே. சுப்பிரமணியம் என்ற ஆசிரியர் அந்தப் புனைபெயரில் எழுதினார். 1964இல் நூலாக வந்த அவருடைய ‘பண்டாரவன்னியன்’ நாடகம் ஊர் ஊராக மேடையேறியது. பிறகு ‘வன்னியர் திலகம்’, ‘கமுகஞ்சோலை’ என்று நாவல்களும் எழுதினார். காடு, காய்ச்சல், யானை என்று மற்றவர்கள் ஒதுக்கிப் பேசிய ஒரு நிலத்தின் பிள்ளைகள், பள்ளிக்கூட மேடையில் மர வாளைப் பிடித்துக்கொண்டு தங்கள் ஊர்ப் பெயர்களை உரக்கச் சொன்னார்கள். பனங்காமம், கரிக்கட்டுமூலை, முள்ளியவளை என்ற பெயர்கள் அதுவரை காணி உறுதியிலும் வரிப் பதிவிலும் கிடந்தவை. தாம் யார் என்பதை ஒரு சனம் வரலாற்றுப் பாடநூலில் படிக்காமல் நாடகக் கொட்டகையில் அறிந்துகொண்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த நாடகம் அந்த மண்ணில் ஏன் அப்படிப் பற்றிக்கொண்டது? முள்ளியவளை கோவலன் கூத்து ஆடும் ஊர். பக்கத்தில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன். வைகாசிப் பொங்கலுக்கு வன்னி முழுவதும் அங்கே திரளும். ஆணின் வீழ்ச்சிக்குப் பிறகு அவனுடைய பெண் என்ன செய்தாள் என்று கேட்டுத்தான் அந்தச் சனம் ஒரு கதையை அளந்து பழகியிருக்கிறது. வன்னியன் மட்டும் தனியே நின்று தோற்றிருந்தால் கதை அவர்களுக்கு முடிந்திருக்காது. குருவிச்சி வேண்டியிருந்தது. அவளை இட்டுக்கட்டிய பொய் என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நாளை நிச்சயமில்லாத காலத்தில் நேசித்தவர்கள் வன்னியில் எல்லாத் தலைமுறையிலும் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பெயர் கிடைத்தது.

கடலைத் தாண்டியும் அந்தப் பெயர் போனது. கலைஞர் மு. கருணாநிதி ‘பாயும் புலி பண்டாரக வன்னியன்’ என்று ஒரு வரலாற்று நாவலே எழுதினார். கட்டபொம்மனையும் மருது சகோதரர்களையும் அறிந்த தமிழ்நாட்டு வாசகருக்கு, அதே ஆண்டுகளை ஒட்டி ஈழத்திலும் ஒருவன் நின்றான் என்று அந்த நாவல் சொன்னது. அதன் நடை மேடைத் தமிழின் நடை. வன்னிக் காட்டின் வாசம் அதில் குறைவு என்பது என் கருத்து. ஆனாலும் அதன் வழியே வன்னியனை அறிந்த வாசகர்கள் ஏராளம்.

இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஏட்டில் உள்ள ஒரு பெண்ணைப் புனைகதை போதிய அளவு பார்க்கவில்லை. பண்டாரவன்னியனுக்கு இருபது ஆண்டுகள் முன்பு, 1782இல், யானைத் திறையும் கீழ்ப்படிதலும் கேட்டு ஒல்லாந்தர் வன்னிக்குள் படை நடத்தினார்கள். அவர்கள் சந்தித்த மிகக் கடுமையான எதிர்ப்புகளில் ஒன்று அங்கேதான் வந்தது. எதிர்த்து நின்றவர்களில் ஒருத்தி ஒரு வன்னிச்சி, வன்னியின் பெண் தலைவி. மரியா செம்பாத்தை என்று அவள் பெயரை எழுதுகிறார்கள். அவளைப் பிடித்துக்கொண்டுபோய்க் கொழும்புக் கோட்டையில் சிறை வைத்தார்கள். அடர்ந்த காட்டின் தலைவி ஒருத்தி, கடல் இரைச்சல் கேட்கும் கற்சுவருக்குள், தன் சனத்தின் பேச்சுக் கேளாத ஊரில் எப்படி நாளைக் கழித்திருப்பாள்? கிறிஸ்தவப் பெயரை அவள் மனதார ஏற்றாளா, பதவிக்காகச் சுமந்தாளா? தன்னைத் தானே அறியவேண்டிய நெருக்கடி அவளுக்கு வந்ததுபோல் குருவிச்சிக்கு வரவில்லை. குருவிச்சிக்குக் கிடைத்த கண்ணீரில் ஒரு பங்காவது இவளுக்குச் சேரவேண்டும்.

அரச குலத்தை விட்டு இறங்கி வந்த கதையும் வன்னியில் உண்டு. முள்ளியவளைக்குப் பக்கத்துத் தண்ணீரூற்றைச் சேர்ந்த அ. பாலமனோகரன் 1973இல் ‘நிலக்கிளி’ எழுதினார். வீரகேசரிப் பிரசுரமாக வந்து சாகித்திய விருதும் பெற்றது. தண்ணிமுறிப்புக் காட்டோரக் குடியிருப்பில் வளர்ந்த பதஞ்சலி, தந்தையின் எதிர்ப்பை மீறி அவளை மணந்த கதிராமன், அவளுக்கு எழுத்து அறிவிக்க வந்த வாத்தியார் சுந்தரலிங்கம். உயரப் பறக்காத ஒரு பறவையின் பெயரை நூலுக்கு வைத்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும்போது, அதுவரை தனக்குள் இருந்தும் தெரியாத ஒரு மனம் பதஞ்சலிக்குத் தென்படுகிறது. வாளும் கோட்டையும் இல்லாமலே வன்னிப் பெண்ணின் அகம் அதில் திறக்கிறது. வரலாற்று நாவல் எழுத இனி அமரும் இளையவர்கள் முதலில் இதைப் படிக்கவேண்டும் என்பேன். செம்பாத்தையை எழுத டிறிபேர்க்கின் தேதிகளைவிடப் பதஞ்சலியின் தயக்கங்களே கூடுதலாக உதவும்.

செம்பாத்தையைப் பிடித்துக்கொண்டு போனபின், வன்னியை ஆள ஒல்லாந்தர் நாகெல் என்ற லெப்டினன்டை அனுப்பினார்கள். முல்லைத்தீவில் இருந்துகொண்டு அவன் வயலையும் குளத்தையும் வரியையும் எப்படிப் பார்த்தான் என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.