பழைய பெட்டியில் புதிய அட்டை: புனே நகரில் கணினி மேம்படுத்தலின் வரலாறு

2013 பிப்ரவரியில் புனேயின் சி-டாக் நிறுவனம் பரம் யுவா-2 என்னும் மீக்கணினியை அறிமுகப்படுத்தியது. உருவாக்க எடுத்துக்கொண்ட காலம் மூன்று மாதம். செலவு 16 கோடி ரூபாய். உச்ச வேகம் 524 டெராஃபிளாப், அதாவது நொடிக்கு 524 இலட்சம் கோடிக் கணக்கீடுகள். அதே நிறுவனம் 2008இல் அமைத்த பரம் யுவாவின் உச்ச வேகம் 54 டெராஃபிளாப். ஐந்தாண்டுக்குள் வேகம் ஏறத்தாழப் பத்து மடங்கானது. மின்செலவோ முன்பிருந்த வசதியைவிட 35 விழுக்காடு குறைந்தது.

இந்தப் பாய்ச்சலின் பெரும்பகுதி சில நூறு அட்டைகளிலிருந்து வந்தது. இன்டெல் நிறுவனத்தின் சியான் ஃபை என்ற அந்தத் துணைச்செயலி, வழங்கிக் கணினியின் பிசிஐ எக்ஸ்பிரஸ் செருகுவாயில் பொருத்தப்படுவது. அதே செருகுவாய் கல்லூரி விடுதி அறையிலுள்ள மேசைக் கணினியிலும் இருக்கிறது. கணினி விளையாட்டுக்கும் காணொளித் தொகுப்புக்கும் ஒரு வரைகலை அட்டை வாங்கப் பணம் சேர்க்கும் மாணவரும், 16 கோடிக்குள் மீக்கணினியைப் புதுப்பிக்க வேண்டியிருந்த பொறியாளர்களும் எதிர்கொண்ட கேள்வி ஒன்றே: கையிலுள்ள தொகைக்குள் எதை மாற்றுவது, எதை அப்படியே விடுவது? கேள்வியின் முதற்பாதியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். புனேயின் முப்பதாண்டு வரலாறு இரண்டாம் பாதியின் கனத்தைக் காட்டுகிறது.

1980களில் இந்தியா அமெரிக்காவிடம் க்ரே மீக்கணினிகளைக் கேட்டது. வானிலை ஆய்வுக்காக எக்ஸ்-எம்பி/14 ஒன்று தில்லிக்குக் கிடைத்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குக் கேட்ட கூடுதல் திறனுள்ள பொறி மறுக்கப்பட்டது. இந்தச் சூழலில் 1988இல் மின்னணுவியல் துறையின் கீழ்ச் சி-டாக் நிறுவப்பட்டது. விஜய் பட்கர் அதன் இயக்குநரானார். அவருக்குத் தரப்பட்டவை மூன்றாண்டுக் காலமும் தொடக்க நிதியாக 30 கோடி ரூபாயும். அமெரிக்காவிலிருந்து ஒரு மீக்கணினியை வாங்கி நிறுவுவதற்கு ஆகும் காலமும் செலவும் ஏறத்தாழ இவ்வளவே.

க்ரே போன்ற பொறியின் மையச்செயலியை அந்த நிதிக்குள் வடிவமைக்க வழியில்லை. ஆகவே, சந்தையில் கிடைக்கும் சிறிய செயலிகள் பலவற்றை ஒன்றிணைக்கும் வழியைச் சி-டாக் தேர்ந்தது. பிரிட்டனின் இன்மாஸ் நிறுவனம் தயாரித்த டிரான்ஸ்ப்யூட்டர் அதற்கு வாகாக அமைந்தது. அதன் டி800 வகைச் சில்லில் மிதவைப்புள்ளிக் கணக்கீட்டுப் பகுதியும், அண்டைச் சில்லுகளோடு நேரடியாகப் பேசும் நான்கு இணைப்புகளும் உள்ளடங்கியிருந்தன. தனித்த வலையமைப்புக் கருவி இல்லாமலே ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளலாம். 1991இல் வெளிவந்த பரம் 8000 இந்தச் சில்லுகளின் கூட்டம். வேண்டும்போது கணுக்களைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது அதன் சிறப்பு. ஜெர்மனி, பிரிட்டன், ரஷ்யா ஆகிய நாடுகளுக்கும் இப்பொறிகள் ஏற்றுமதியாயின.

அடுத்த ஆண்டிலேயே முதல் மேம்படுத்தல் வந்தது. டிரான்ஸ்ப்யூட்டர்கள் தம்முள் பேசுவதில் தேர்ந்தவை. கணக்கிடுவதில் அத்தனை வேகமில்லை. எனவே பரம் 8600இல் டிரான்ஸ்ப்யூட்டர் அமைப்பை வைத்துக்கொண்டு, கணக்கீட்டுக்கு இன்டெலின் ஐ860 செயலியைச் சேர்த்தார்கள். 1989இல் வந்த ஐ860 தன்னுள்ளேயே ஒரு வரைகலைப் பகுதியைக் கொண்டது. சிலிக்கான் கிராபிக்ஸ், நெக்ஸ்ட் நிறுவனங்களின் வரைகலைக் கருவிகளிலும் இடம்பெற்றது. திரையில் உருவங்களை விரைந்து வரையவும் அறிவியல் கணக்கீட்டை முடுக்கவும் ஒரே வகைத் திறன் தேவைப்பட்டது: ஒரே கணக்கை ஏராளமான எண்களின்மீது மீண்டும் மீண்டும் நிகழ்த்துதல். புனேயின் மீக்கணினிகள் பின்னரும் வரைகலை உலகின் பக்கமே திரும்பின.

இரண்டு சில்லுகளுக்கும் ஆயுள் குறைவு. ஐ860இன் உச்ச வேகத்தைச் சாதாரண நிரல்களில் எட்டுவது கடினமாயிருந்ததால் இன்டெல் அதைத் தொடரவில்லை. இன்மாஸ் 1989இல் எஸ்ஜிஎஸ்-தாம்சன் நிறுவனத்தின் கைக்கு மாறியது. டி800க்கு அடுத்த தலைமுறையான டி9000 காலந்தாழ்ந்து வந்து சந்தையை இழந்தது. டிரான்ஸ்ப்யூட்டரின் இணைப்புமுறைக்கேற்ப எழுதிய நிரல்களுக்கு அதன்பின் போக்கிடம் இல்லை. சில்லை மாற்றினால் நிரலையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் செத்த சில்லோடு தங்க வேண்டும். இந்தப் பாடத்தின் விளைவே 1994இன் பரம் 9000. புதிய செயலிகள் வந்தால் பொருத்திக்கொள்ளத்தக்க கூறுநிலை வடிவமைப்பு அது. சூப்பர்ஸ்பார்க், அல்ட்ராஸ்பார்க், ஆல்ஃபா என வெவ்வேறு செயலிகளோடு அது வடிவங்கள் கொண்டது. மேம்படுத்தப்படுவதற்காகவே வடிவமைக்கப்பட்ட பொறி என்று அதைச் சொல்லலாம்.

மீக்கணினிகள் சில ஆய்வகங்களுக்கு மட்டும் உரியவை. அலுவலகங்களையும் அச்சகங்களையும் எட்டிய மேம்படுத்தல் ஒன்றும் அதே சி-டாக்கிலிருந்து வந்தது. கான்பூர் ஐஐடியில் தொடங்கிப் புனேக்கு வந்த ஜிஸ்ட் தொழில்நுட்பமே அது. பெயரின் விரிவு ‘கிராபிக்ஸ் அண்ட் இன்டெலிஜென்ஸ் பேஸ்டு ஸ்கிரிப்ட் டெக்னாலஜி’. பெயரிலும் வரைகலை இருக்கிறது. பொருளும் வரைகலை அட்டைதான்.

1980களின் இறுதியில் இந்திய அலுவலகங்களில் இருந்த டாஸ் கணினிகள் ரோமன் எழுத்தை மட்டுமே அறிந்தவை. அவற்றைக் கழித்துவிட்டு இந்திய மொழிக் கணினிகளை வாங்க எவரிடமும் பணமில்லை. வாங்கலாமென்றாலும் அப்படியொரு கணினி சந்தையில் இல்லை. ஜிஸ்ட் அட்டையைப் பழைய கணினியின் செருகுவாயில் பொருத்தினால், திரைக்குப் போகும் எழுத்துக் குறியீடுகளை அது வழியிலேயே வாங்கி இந்திய எழுத்துருவமாக வரைந்து காட்டும். டிபேஸ், லோட்டஸ் போன்ற செயலிகளில் ஒரு வரியும் மாற்ற வேண்டியதில்லை. தான் தமிழைக் கையாளுகிறோம் என்பது அந்தச் செயலிக்கே தெரியாது.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஓர் எழுத்துக்கு எட்டு பிட் என்ற அளவைத் தொடக்கூடாது. அதிலும் முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கு உரியவை. எஞ்சிய பாதியில் இந்திய மொழிகள் அடங்க வேண்டும். எனவே பிராமி வழிவந்த எழுத்துமுறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே வரிசை வகுக்கப்பட்டது: எந்த மொழியிலும் ‘க’வின் எண் ஒன்றே. இதுவே இஸ்கி குறியீடு. 1991இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 13194 என அதை ஏற்றது. அதே ஆண்டில் வெளிவந்த யூனிகோடு, இஸ்கியின் 1988ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றி இந்திய எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கியது.

யூனிகோட்டில் ‘க’வுக்கும் ‘ங’வுக்கும் இடையே இன்றும் மூன்று இடங்கள் காலியாக உள்ளன, பிற மொழிகளின் வர்க்க எழுத்துகளுக்கு உரியவை அவை. ‘ன’ இறுதியில் வராமல் ‘ந’வை அடுத்து நிற்கிறது, ‘ற’ ‘ர’வுக்குப் பின்னும், ‘வ’ ‘ழ’வுக்குப் பின்னும் வருகின்றன. குறியீட்டெண்ணை மட்டும் பார்த்து அகரவரிசைப்படுத்தினால் தமிழ் அகராதி வரிசை கிடைக்காது. அதற்குத் தனி விதி எழுத வேண்டும். சொல்லடைவும் தரவகமும் உருவாக்கும் மாணவர்கள் இந்த விதியை எழுதியே தீர்கிறார்கள். 1999இல் சென்னை தமிழ்நெட் 99 மாநாடு பரிந்துரைத்த டாம், டாப் குறியீடுகளும், 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோட்டோடு சேர்த்து ஏற்ற டேஸ்16உம் தமிழுக்கு உகந்த வேறு அடுக்குகளை முன்வைத்தன. உலகளாவிய வழக்கோ பழைய வரிசையிலேயே நிலைத்தது. டாஸ் கணினிகள் காயலான் கடைக்குப் போய் நெடுங்காலமாகிவிட்டது. அவற்றைக் கழிக்காமலிருக்கச் செய்த ஏற்பாட்டின் தடம் ஒவ்வொரு தமிழ்க் கைப்பேசியிலும் இருக்கிறது.

எதை விடாமல் வைத்துக்கொள்வது என்பதைச் சரியாகத் தேர்ந்ததற்கும் புனே வட்டாரத்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் நாராயண்காவ் அருகே கோடத் கிராமத்தை மையமாகக் கொண்டு அமைந்த ஜிஎம்ஆர்டி வானொலித் தொலைநோக்கியில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகள் உள்ளன. இதற்கு முன்பே, 1970இல், உதகையின் மலைச்சரிவு அவ்விடத்து அட்சரேகைக்கு ஒத்த சாய்வு கொண்டிருந்ததைப் பயன்படுத்தி, அதன்மீதே 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியை நிறுவியவர் அவர். மலையே கருவியின் தாங்கியானது. கோடத்திலும் கனத்த உலோகத் தகடுகளுக்கு மாற்றாகக் கம்பிவலையும் இழுகம்பிகளும் கொண்டு அலைவாங்கிகள் குறைந்த செலவில் அமைந்தன.

30 அலைவாங்கிகளின் குறிப்பலைகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டால் 435 இணைகள். இந்த ஒப்பீட்டுக்குத் தனியே வடிவமைத்த மின்னணுக் கருவி தொடக்கத்தில் இருந்தது. பின்னர் அவ்வேலையைச் சந்தையில் கிடைக்கும் சாதாரணக் கணினிகளின் தொகுதி ஒன்று மென்பொருள்வழிச் செய்தது. 2010களின் மேம்படுத்தலில் வரைகலைச் செயலிகள் வந்தன; ஒரே நேரத்தில் கையாளும் அலைவரிசையின் அகலம் 32 மெகாஹெர்ட்சிலிருந்து 400 மெகாஹெர்ட்சாக உயர்ந்தது. அலைவாங்கிகளின் குவியத்திலுள்ள ஏற்பிகளும் மின்னணுப் பகுதிகளும் மாறின, அலைவாங்கிகள் மாறவில்லை. மீண்டும் கட்ட முடியாத விலைமதிப்புள்ளதும் மெல்ல மூப்படைவதுமான உறுப்பை வைத்துக்கொண்டு, விரைவில் மூப்படையும் உறுப்புகளை மட்டும் மாற்றினார்கள்.

அந்த வரைகலைச் செயலிகளின் விலை ஆய்வகத்தின் கைக்கு எட்டியதற்கு விளையாட்டு ரசிகர்களே காரணம். என்விடியா 1999இல் ஜிஃபோர்ஸ் 256ஐ வெளியிட்டது கணினி விளையாட்டுச் சந்தையை நம்பித்தான். 2007இல் வந்த கூடா நிரலாக்கக் கட்டமைப்பு அச்செயலிகளைப் பொதுக் கணக்கீட்டுக்கும் திறந்துவிட்டது. யுவா-2இன் சியான் ஃபைக்கும் இதே குலம்: லாராபீ என்ற பெயரில் இன்டெல் உருவாக்க முயன்று கைவிட்ட வரைகலைச் சில்லின் வழித்தோன்றல் அது. ஐ860ஐப் போலவே அதையும் சில ஆண்டுகளில் இன்டெல் நிறுத்திவிட்டது. 2020இல் புனே சி-டாக்கில் அமைந்த பரம் சித்தி-ஏஐ, என்விடியாவின் ஏ100 செயலிகளைக் கொண்டு எழுந்தது. 1992, 2013, 2020 ஆகிய மூன்று முறையும் முடுக்கியின் தாயகம் வரைகலை. முதல் இரண்டு முறை அந்தக் கிளை முறிந்தது.

கணினியில் ஒரு பகுதியை மட்டும் முடுக்கினால் மொத்தத்தில் என்ன கிடைக்கும் என்பதற்கு ஜீன் அம்டால் 1967இலேயே கணக்குச் சொன்னார். ஒரு காணொளியைத் தொகுத்து முடிக்க 100 நிமிடம் ஆகிறது என்றும், அதில் 70 நிமிட வேலையை வரைகலை அட்டைக்குத் தள்ளலாம் என்றும் கொள்வோம். அட்டை பத்து மடங்கு வேகமானதென்றால் அந்த 70 நிமிடம் 7 ஆகும். மொத்தம் 37 நிமிடம். இருபது மடங்கு வேகமுள்ள, விலை மிகுந்த அட்டையை வாங்கினாலும் மொத்தம் 33.5 நிமிடம்தான். எல்லையில்லா வேகம் கொண்ட அட்டையாலும் 30 நிமிடத்துக்குக் கீழே போக முடியாது. அந்த 30 நிமிடம் செயலிக்கும் நினைவகத்துக்கும் வட்டுக்கும் உரியது. இரண்டாம் அட்டைக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் அங்கே போயிருந்தால் அதிகப் பயன் தந்திருக்கும்.

விடுதி அறையில் வரவுசெலவுத் திட்டம் போடும் மாணவருக்கு இந்த வரலாறு சில கேள்விகளைக் கொடுக்கிறது. இப்போது நேரத்தைத் தின்பது எந்த உறுப்பு? விளையாட்டில் அது பெரும்பாலும் வரைகலை அட்டை. தொகுப்பில் நினைவகமாகவோ வட்டாகவோ இருக்கலாம். வாங்கப்போகும் அட்டைக்குப் போதிய மின்சாரத்தை இப்போதுள்ள மின்வழங்கி கொடுக்குமா? இப்போதுள்ள தாய்ப்பலகை எத்தனை தலைமுறைச் செயலிகளை ஏற்கும்? ஏஎம்டியின் ஏஎம்4 செருகுவாய் முதல் ரைசனிலிருந்து 2022இன் 5800எக்ஸ்3டி வரை பல தலைமுறைகளைத் தாங்கியது. எல்லாச் செருகுவாய்களுக்கும் அந்த ஆயுள் வாய்ப்பதில்லை. நல்ல திரையும் நல்ல மின்வழங்கியும் அலைவாங்கிகளைப் போல மெல்ல மூப்படைபவை. அவற்றை அடுத்த கணினிக்கும் கொண்டுபோகலாம்.

கடைசிக் கேள்வி பணத்தைப் பற்றியதன்று. ஒரே நிறுவனத்தின் அட்டையில் மட்டும் ஓடும் மென்பொருளில் பழகி, அதன் கோப்பு வடிவத்திலேயே ஆண்டுக்கணக்கான வேலையைச் சேமித்து வைப்பவர், டிரான்ஸ்ப்யூட்டருக்கு நிரல் எழுதியவர்களின் நிலையில் இருக்கிறார். அட்டையை எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம். சேமித்த வடிவத்தைக் கழற்றுவது கடினம்; ‘க’வுக்கும் ‘ங’வுக்கும் இடையிலுள்ள மூன்று வெற்றிடங்கள் முப்பதாண்டுக்கு மேலாகக் காலியாகவே இருக்கின்றன.