நம் கடன் ஏட்டை எழுதியவர்கள்

வங்கி வாசலில் இன்று நம்மிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, “சிபில் ஸ்கோர் எவ்வளவு?” என்பதுதான். 300-லிருந்து 900 வரையிலான ஓர் எண், நம் நாணயத்தை அளந்து சொல்லிவிடுகிறதாம். எண் குறைந்தால், “சேரிக்காரர்களுக்குப் பணத்தைக் கையாளத் தெரியாது” என்ற பழைய பேச்சு உடனே எழுந்து வருகிறது. வரலாறு சொல்வது வேறு. நாம் தலைமுறை தலைமுறையாகக் கடனை அடைத்து வந்தவர்கள். அடைத்த கணக்குதான் நம் பெயரில் எழுதப்படவில்லை.

1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், ஒருவரை அடிமை என்று உரிமை கொண்டாடுவதை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்றது. அதற்குப் பிறகும் பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தார். அடிமைச் சீட்டு செய்த வேலையைக் கடன் செய்தது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஆண்டையிடம் வாங்கிய முன்பணம் உழைப்பால் கழியவே கழியாது. அப்பன் பட்ட கடன் மகன் தலையில் இறங்கும். கணக்கு ஆண்டையின் ஏட்டில் இருந்தது. நமக்கு அதில் இருந்தது ஒரு கைநாட்டு மட்டும்.

கடல் தாண்டிப் போன இடத்திலும் இதே கதைதான். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். வழிச்செலவும் சாப்பாட்டுச் செலவும் கங்காணியின் கணக்கில் அவர்கள் பெயருக்குக் கடனாக ஏறின. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று தோட்ட நிர்வாகம் எழுதித் தரும் சீட்டு அது. புதிய துரை அந்தத் தொகையைக் கட்டுவார். கடன் அழியாமல் அவர் தோட்டத்துக்கு மாறும். கடனோடு ஆளும் மாறுவார். 1921-இல் சட்டம் போட்டுத்தான் இந்த முறையை ஒழித்தார்கள். நம் மக்களின் பெயரில் எழுதப்பட்ட முதல் ‘கடன் அறிக்கை’ என்று அந்தத் துண்டைச் சொல்லலாம். அதில் நாம் பட்ட கடன் இருந்தது. கொடுத்த உழைப்பு இல்லை.

செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கை, நிலமின்மையும் கடனும் சேர்ந்து நம்மைக் கட்டிப்போட்டதைப் பதிவு செய்தது. அதன் விளைவாக 1892-இல் பஞ்சமி நிலங்கள் வந்தன. பத்தாண்டுகளுக்கு விற்கக்கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை இருந்தும், கடனாலும் மோசடியாலும் அவற்றில் ஏராளமானவை கைமாறிப் போயின.

1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் சங்கம் தொடங்கியது. ஆனால் கிராமச் சங்கத்தில் கடன் கிடைக்க ஊர்க்காரர்களின் பிணை வேண்டும், நிலம் வேண்டும். நிலமில்லாதவருக்கு, அதுவும் சேரிக்காரருக்கு, யார் பிணை நிற்பார்? அதனால்தான் 1920-களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை நம் மக்களுக்கென்றே தனிச் சங்கங்களை அமைத்தது. அந்தச் சங்கங்கள் மூலம் கடன் வாங்கி, தவணையில் கட்டி, குடியிருக்கும் மனையைச் சொந்தமாக்கிக்கொள்ள வழி பிறந்தது. மனை ஆண்டையுடையது என்றால், வேலைக்கு வர மறுத்த மறுநாளே குடிசையைப் பிரித்துப் போட முடியும். அங்கே ஒழுங்காகக் கட்டிய ஒவ்வொரு தவணையும் விடுதலைக்கான தவணை.

விடுதலைக்குப் பின் 1969-இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. 1972-இல் 4 விழுக்காடு வட்டிக் கடன் திட்டம் வந்தது. அதில் 40 விழுக்காடு பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் போக வேண்டும் என்றார்கள். 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் பழைய கடன்களையே செல்லாதவை ஆக்கியது. ஆண்டையின் ஏடு சட்டப்படி கிழிந்தது அப்போதுதான்.

நம் ஏட்டை நாமே எழுதத் தொடங்கியது மகளிர் குழுக்களில். 1989-இல் தருமபுரியில் தொடங்கிய திட்டமும், 1992-இல் நபார்டு கொண்டுவந்த வங்கி இணைப்பும் இதற்கு வழி திறந்தன. தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், காலத்தில் திருப்பிக் கட்டுதல், சரியான கணக்கேடு என்ற ஐந்தையும் பார்த்து வங்கி கடன் தந்தது. நிலப் பத்திரம் கேட்கவில்லை. இன்று ‘நிதி ஒழுக்கம்’ என்று நமக்குப் பாடம் நடத்துகிறவர்கள், நம் அம்மாக்களின் தீர்மான நோட்டைப் புரட்டிப் பார்க்கட்டும்.

2000-இல் சிபில் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2005-இல் கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் வந்தது. இந்த ஏட்டில் கந்துவட்டிக்காரரிடம் கட்டிய பணம் ஏறாது. பத்து வருடம் நாள் தவறாமல் கட்டினாலும் நம் பெயரில் ஒரு வரி இருக்காது. எனவே சிறு கடனானாலும் பதிவாகும் இடத்தில் வாங்குவோம்; தவணைத் தேதிக்கு முன்பே கட்டுவோம். அடுத்தவருக்கு ஜாமீன் போட்டால் அவர் தவறுவது நம் கணக்கிலும் விழும் என்பதை நினைவில் வைப்போம். ‘செட்டில்மெண்ட்’ என்று பாதியில் முடித்த கடன் முழுதாக அடைத்த கடனாகப் பதிவாகாது. நுண்கடன் வாங்கும் குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை மொத்தமும் குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதி. வீட்டு வாசலில் வந்து மேலும் கடனைத் திணிப்பவரிடம் அதை எடுத்துச் சொல்வோம்.

முக்கியமாக, அந்த ஏட்டைக் கேட்டு வாங்கிப் படிப்போம். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தவறு இருந்தால் புகார் செய்யலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. ஆண்டையிடம் கணக்கைக் காட்டு என்று கேட்க நம் பாட்டன்களுக்கு உரிமை இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. குழுக் கூட்டத்தில், படித்த பிள்ளை ஒருவரை உட்கார வைத்து, ஆளுக்கொரு அறிக்கையாக எடுத்துப் பார்க்கத் தொடங்குவோம்.