பாலத்துக்கும் வயது போகும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

கிண்ணியாவிலிருந்து மூதூர், வெருகல், வாகரை, ஓட்டமாவடி வழியாக மட்டக்களப்புக்கு இப்போது பஸ்ஸில் இறங்காமல் போய்ச் சேருகிறோம். நாங்கள் படிப்பிக்கும் பிள்ளைகளுக்கு இது சாதாரண விசயம். அவர்களுடைய வாப்பா, உம்மாவிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். ஒரு துறையில் இறங்கி, இழுவைப் பாதையில் ஏறி, அடுத்த கரையில் இன்னொரு பஸ்ஸுக்காகக் காத்திருந்து, சிறிது தூரத்தில் மறுபடியும் ஒரு துறை. மூதூர் ஆட்கள் திருகோணமலைக்குப் போக லாஞ்சை நம்பியிருந்தார்கள். கடல் கொந்தளித்தால் அன்றைக்கு ஆஸ்பத்திரியும் இல்லை, கச்சேரியும் இல்லை.

எங்கள் நிலத்தின் அமைப்பு அப்படி. மகாவலி கடலில் சேரும் இடம் இது. கொட்டியாரக் குடாவுக்குள் ஒரு கிளை, வெருகல் பக்கம் ஒரு கிளை, இடையில் களப்புகளும் உப்பாறுகளும். ஊருக்கும் ஊருக்கும் நடுவில் எப்போதும் தண்ணீர்தான். எனவே கிழக்கின் வரலாற்றை எழுதுகிறவர் பாலங்களை விட்டுவிட்டு எழுத முடியாது.

ஆங்கிலேயர் காலத்தில் இந்தப் பக்கம் பெரிய இரும்புப் பாலங்கள் வந்தன. மன்னம்பிட்டியிலும் ஓட்டமாவடியிலும் கட்டியவை புகையிரதத்துக்கும் வாகனத்துக்கும் பொதுவான ஒடுங்கிய பாலங்கள். புகையிரதம் வரும்போது வாகனங்கள் இரு கரையிலும் நிற்க வேண்டும். மட்டக்களப்பில் கல்லடிப் பாலம். ஆளுநர் வில்லியம் மெனிங்கின் மனைவி பெயரால் அதை லேடி மெனிங் பாலம் என்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனம் மட்டுமே போகலாம். மாட்டு வண்டியும் சிறிய மோட்டார் வாகனங்களும் ஓடிய காலத்துக்காகக் கட்டியவை இவை. பிறகு வந்த பஸ், லொறி, கொள்கலன் வாகனம் எல்லாவற்றையும் பல பத்தாண்டுகள் இவையே சுமந்தன. சூறாவளியையும் சுனாமியையும் யுத்தத்தையும் கண்டன.

அதன் பிறகு வந்தது எங்கள் கண்முன் நடந்த வரலாறு. 2007இல் மன்னம்பிட்டியில் ஜப்பான் உதவியுடன் புதிய வீதிப் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 302 மீற்றர், அப்போது நாட்டிலேயே நீளமானது. 2009 ஒக்டோபர் 20இல் எங்கள் கிண்ணியாப் பாலம் சவூதி அரேபியாவின் கடனுதவியில் திறக்கப்பட்டு, 396 மீற்றருடன் அந்தப் பெயரைத் தட்டிக்கொண்டது. பிரான்ஸின் கடனுதவியில் கங்கை, இறால்குழி, உப்பாறு, வெருகல், காயங்கேணி ஆகிய இடங்களிலும் பாலங்கள் வந்தன. ஓட்டமாவடியில் வாகனத்துக்குத் தனிப் பாலம் அமைந்தது. 2013இல் கல்லடியிலும் 2014இல் மண்முனையிலும் புதிய பாலங்கள் திறக்கப்பட்டன. நூறு வருடமாகக் கேட்டது சுமார் ஏழு வருடத்துக்குள் கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் திறப்பு விழாவின் படங்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. திறந்த பிறகு அந்தப் பாலத்தை யார், எப்போது, எப்படிப் பார்த்தார்கள் என்ற தகவல் எங்களில் யாரிடம் இருக்கிறது?

பாலம் ஒரே நாளில் கெடுவதில்லை, மெல்ல மெல்லத்தான் கெடும். எங்கள் பக்கம் முதல் எதிரி உப்பு. கடற்காற்றிலும் களப்பு நீரிலும் உள்ள உப்பு சிறிய வெடிப்புகள் வழியாகக் கொங்கிரீட்டுக்குள் இறங்கி உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்தால் மேலுள்ள கொங்கிரீட் பிளந்து விழும். வெளியே ஒரு கோடாகத் தெரிவது உள்ளே பல வருட நோயாக இருக்கலாம்.

இரண்டாவது, தூணடி மண் அரிப்பு. வெள்ளம் வேகமாக வரும்போது தூணைச் சுற்றி நீர் சுழன்று அடிமண்ணை வாரிக்கொண்டு போகும். உலகம் முழுவதும் பாலங்கள் விழுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, தண்ணீருக்குள் இறங்கித்தான் பரிசோதிக்க வேண்டும். கங்கையில் அளவுக்கு மீறி மணல் அள்ளும்போது ஆற்றின் படுக்கை தாழ்ந்து இந்த ஆபத்து கூடுகிறது. அள்ளுவதும் நம்மவர், ஏற்றிப் போவதும் நம்மவர். அளவுக்கு மேல் ஏற்றிய அந்த லொறி போவதும் அதே பாலத்தின் மேலால்தான். இதை நாங்கள் எங்களுக்குள் பேசித்தான் ஆக வேண்டும்.

மற்றவை சின்ன விசயங்கள். மழைநீர் வடியும் துளைகளில் மணல் அடைத்துக்கொள்வது, பாலத்துண்டுகளுக்கு இடையிலான விரிவு இணைப்பு உடைவது, கைபிடிச் சுவர் முறிவது, வெடிப்பில் ஆலங்கன்று முளைப்பது. இவற்றைச் சரியான நேரத்தில் பார்த்தால் செலவு கொஞ்சம். பத்து வருடம் விட்டால் பாலத்தையே மூட வேண்டி வரும்.

பாலத்தை மூடினால் என்ன நடக்கும் என்பதைக் கிண்ணியாவுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. குறிஞ்சாக்கேணியில் புதிய பாலம் கட்டுவதற்காகப் பழைய வழி மூடப்பட்டிருந்தது. சனம் இழுவைப் பாதையில் கடந்தது. 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே மௌத்தானார்கள். அந்த ஜனாஸாக்களை நாங்கள் தூக்கினோம். அல்லாஹ் அவர்களுக்கு உயர்ந்த சுவனத்தைக் கொடுப்பானாக. அதற்குப் பிறகும் அந்தப் பாலம் உடனே எழும்பவில்லை. நாடு கடனில் விழுந்தது, வேலைகள் நின்றன, வருடங்கள் போயின.

2023 ஜூலையில் மன்னம்பிட்டிக்கு அருகே கொட்டலிய பாலத்தில் மோதிய பஸ் ஆற்றுக்குள் விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேகம் ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒடுங்கிய பாலமும் பலமில்லாத கைபிடியும் ஒரு சாரதியின் தவறை மன்னிப்பதில்லை. 2025 நவம்பரில் டிட்வா புயல் வெள்ளம் நாட்டின் பல பகுதிகளில் பாலங்களைக் கொண்டுபோனதையும் பார்த்தோம்.

இந்த வரலாற்றிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். பாலம் கேட்கும்போது அதன் பராமரிப்பையும், பாலம் மூடியிருக்கும் காலத்துக்கான பாதுகாப்பான மாற்றுவழியையும் சேர்த்தே கேட்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் இறந்தது பாலம் இல்லாத காலத்திலும் அல்ல, பாலம் இருந்த காலத்திலும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் யாரும் பொறுப்பெடுக்காத அந்த இடைக்காலத்தில்.

யாரிடம் கேட்பது? ஏ, பி தர வீதிகளும் அவற்றின் பாலங்களும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. நாடு முழுவதும் ஏறத்தாழ 12,000 கிலோமீற்றர் வீதி அவர்கள் பொறுப்பில் உள்ளது. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. உள்வீதிகள் நகர சபைக்கோ பிரதேச சபைக்கோ. பாலம் யாருடையது என்று தெரியாமல் முறைப்பாடு எழுதினால் கடிதம் கந்தோர் கந்தோராகச் சுற்றும். தெரிந்து எழுதினால் பதில் சொல்ல வேண்டிய ஆள் இருப்பார். 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, ஒரு பாலம் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது, அறிக்கை என்ன சொல்கிறது என்று எந்தப் பிரஜையும் எழுதிக் கேட்கலாம்.

பள்ளிவாசல் நிருவாகங்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் விளையாட்டுக் கழகங்களும் சேர்ந்து ஊருக்கு ஒரு பட்டியல் தயாரித்தால் போதும். பாலத்தின் பெயர், யாருடைய பொறுப்பு, கண்ணுக்குத் தெரியும் பழுது, ஒரு படம், திகதி. உயர்தரப் பிள்ளைகளே இதைச் செய்வார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் படம் எடுத்தால் வெடிப்பு வளர்கிறதா என்பது தெரிந்துவிடும். பொறியியலாளர் செய்யும் வேலைக்கு இது ஈடாகாது. ஆனால் அவரை வரவழைக்க இது உதவும்.

பாதையில் கிடக்கும் தொல்லை தருவதை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று சின்ன வகுப்பிலேயே படிப்பிக்கிறோம். முள்ளுக்கும் கல்லுக்கும் பொருந்துவது உடைந்த கைபிடிக்கும் பொருந்தும்.

உங்கள் ஊரில் பழுதான பாலம் அல்லது மதகு இருந்தால் இடத்தையும் திகதியையும் குறிப்பிட்டுப் படத்தோடு கீழே போடுங்கள். ஊர்வாரியாகத் தொகுத்து உரிய கந்தோர்களுக்கு அனுப்புவோம், இன்ஷா அல்லாஹ். மாரி தொடங்குவதற்கு முன்னர் அனுப்புவது நல்லது.