சீட்டு யார் கையில்?

1948 ஜூனில் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் இங்கிலாந்தின் டில்பரி துறைமுகத்துக்கு வந்தபோது, அதிலிருந்த கரீபியர்கள் பிரிட்டிஷ் பிரஜைகளாகவே இறங்கினார்கள். பிறகு வந்த 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம், 1973 ஜனவரி 1 அன்று பிரிட்டனில் குடியமர்ந்திருந்த காமன்வெல்த் மக்களின் தங்கும் உரிமையைக் காத்தது; ஆனால் அதைக் காட்ட ஒரு துண்டுச் சீட்டுக்கூடத் தரவில்லை. 2014, 2016 சட்டங்கள் ஆதாரம் கேட்கும் கெடுபிடியை வாடகை வீடு, வங்கிக் கணக்கு வரை நீட்டியதும், உரிமை உள்ளவர்களே வேலையிழந்தார்கள், அடைத்துவைக்கப்பட்டார்கள். சிலர் நாடுகடத்தவும் பட்டார்கள். பலருக்கு வந்த நாளைச் சொல்லியிருக்கக்கூடிய வருகை அட்டைகளை 2010இலேயே அரசு அழித்துவிட்டிருந்தது. அரசு மன்னிப்புக் கேட்டது 2018இல்.

இந்தக் கதையை வைத்துத்தான் இன்றைய மின்விசாவை எடைபோட வேண்டும். குடியிருப்பு அட்டைகளில் பெரும்பாலானவை 2024 டிசம்பர் 31க்குள் காலாவதியாகி, உரிமைக்கான சான்று மின்விசா என்ற இணையக் கணக்குக்கு மாறியது. பதிவு இல்லாததால்தானே விண்ட்ரஷ் துயரம் நேர்ந்தது, கணினிப் பதிவு தொலையாதே என்பார்கள். அட்டை தொலையும் பயம் நீங்குவது உண்மைதான். ஆனால் வருகை அட்டைகளும் அரசின் பொறுப்பில் இருந்த பதிவுகள்தாம். பெயரோ கடவுச்சீட்டு எண்ணோ பொருந்தாமல் கணக்கு திறக்காவிட்டால், நிரூபிக்கும் பாரம் மறுபடியும் தனிமனிதர் தலையில். அப்போது உதவி தேடவும் வழி குறைவு. பதிவு பெறாதவர்கள் குடிவரவு ஆலோசனைத் தொழில் செய்வதை 1999ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. போலிகளைத் தடுக்க அது அவசியமே. ஆனால் 2013இல் அடைக்கலம் சாராத பெரும்பாலான குடிவரவு வழக்குகளுக்கு இலவசச் சட்ட உதவி நின்றுபோனது. எனவே இணையக் கணக்கோடு, கையில் வைத்துக்கொள்ளச் செல்லுபடியாகும் ஒரு அச்சுச் சான்றையும் அரசு தர வேண்டும்.