பட்டாணித் துப்பாக்கியின் பெயர்கள்

என்.சி.சி.யில் இருந்தவர்களிடம் முதன்முதலில் எந்தத் துப்பாக்கியால் சுட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் ‘பாயிண்ட் டூ-டூ’ என்பார்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எண் இருக்கிறது. ஓர் அங்குலத்தை நூறாகப் பிரித்தால் அதில் 22 பங்கு, மில்லிமீட்டரில் 5.6. அந்தத் துப்பாக்கிக் குழலின் விட்டம் அவ்வளவுதான்.

ஆயுதங்களுக்கு இடியின் பெயரையும் புலியின் பெயரையும் சூட்டுவது மனித வழக்கம். இந்தத் துப்பாக்கிக்கு மட்டும் சிறுமையைச் சொல்லும் பெயர்களாகவே வாய்த்திருக்கின்றன. ஜெர்மானியர் இதை ‘சிறு காலிபர்’ என்பார்கள். ரஷ்யர்கள் ‘மெல்காஷ்கா’ என்று குழந்தையைக் கூப்பிடுவதுபோல் கூப்பிடுவார்கள்; சிறியது என்பதே அதன் வேர். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இது ‘பட்டாணித் துப்பாக்கி’. இந்தப் பெயர்களின் பின்னால் போனால் பொருளின் வரலாறே கையில் கிடைத்துவிடுகிறது.

முதலில் நம் சொல். ‘துப்பாக்கி’ துருக்கியிலிருந்து பாரசீகம், உருது வழியாகத் தென்னாட்டுக்கு வந்தது. தெலுங்கிலும் கன்னடத்திலும் அது ‘துபாகி’, மலையாளத்தில் தேய்ந்து ‘தோக்கு’. குண்டைத் துப்புவதால் துப்பாக்கி என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. அது தமிழ்க் காதுக்கு இனிக்கிறதே தவிர வரலாறு அல்ல. ஆனால் அந்தத் தவறான விளக்கத்துக்குள் ஓர் உண்மை தற்செயலாக ஒளிந்திருக்கிறது. துருக்கியில் இச்சொல் வெடிமருந்து வருவதற்கு முன்பே இருந்தது. 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல்-காஷ்கரி தொகுத்த துருக்கிய அகராதியில் இதன் பழைய வடிவம் இடம்பெறுகிறது. அங்கே அதன் பொருள் ஊதுகுழல்: மரக்கிளையின் பட்டையை உடையாமல் உருவி எடுத்த குழாய், உள்ளே உருண்டையை வைத்துக் குருவி அடிப்பதற்கானது. பாரசீகத்திலும் களிமண் உருண்டையை வாயால் ஊதி எறியும் குழாய்க்கு இச்சொல்லின் உறவுச்சொல் வழங்கியது. பிறகு வெடிமருந்து வந்தது, குழாய் இரும்பானது, பெயர் அப்படியே நின்றது. பீரங்கிப் படைகளோடு சேர்த்து நாம் நினைக்கும் இந்தச் சொல் குருவி அடிக்கும் குழாயாகப் பிறந்தது. அப்படிப் பார்த்தால், எல்லாத் துப்பாக்கிகளிலும் தன் பெயருக்கு மிக அருகில் நிற்பது பாயிண்ட் டூ-டூதான்.

‘ரவை’யும் இப்படித்தான். உப்புமாவுக்கு வறுக்கும் ரவையும் துப்பாக்கி ரவையும் ஒரே சொல். சிறு துகள், மணி என்பது அடிப்படைப் பொருள். தமிழ்நாட்டில் தோட்டா, குண்டு என்ற சொற்கள் மேலோங்கிவிட்டன. இலங்கைத் தமிழில் இன்றும் செய்தித்தாள்கள் ‘துப்பாக்கி ரவைகள்’ என்றுதான் எழுதுகின்றன. ஆங்கிலேயர் குண்டின் எடையைச் சொல்லும் அலகான ‘கிரெயின்’ என்பதற்கும் தானிய மணி என்றே பொருள். ஏழாயிரம் கிரெயின் சேர்ந்தால் ஒரு பவுண்டு. பாயிண்ட் டூ-டூவின் வழக்கமான குண்டு 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம் ஈயம். தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் குண்டைத் தானியத்தால் அளந்திருக்கின்றன.

இனி அந்தப் பொருள் பிறந்த கதை. 1845இல் லூயி-நிக்கொலா ஃப்ளோபேர் என்ற பிரெஞ்சுத் துப்பாக்கிக் கைவினைஞர் ஒரு வேலை செய்தார். அக்காலத் துப்பாக்கிகளில் மருந்தைப் பற்றவைக்க, அடித்தால் வெடிக்கும் சிறு செப்பு மூடி ஒன்று இருந்தது. நம் ஊர் நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள் ‘கேப்பு’ என்பார்களே, அதுதான். ஃப்ளோபேர் அந்தக் கேப்பின் வாயிலேயே ஒரு சிறு ஈய உருண்டையைப் பொருத்தினார். தனியாக மருந்து கிடையாது. கேப்பு வெடிக்கும் வேகமே உருண்டையைத் தள்ளிக்கொண்டு போகும். புகை மிகக் குறைவு, சத்தமும் குறைவு. வீட்டுக் கூடத்திலேயே பலகையை மாட்டி வைத்துச் சுடலாம். ஐரோப்பியச் செல்வர்களின் வரவேற்பறைகளுக்குள் துப்பாக்கி ஒரு விளையாட்டுச் சாமானாக நுழைந்தது இப்படித்தான்.

அவர் பெயர் பல மொழிகளில் பொதுச் சொல்லாகவே ஆகிவிட்டது. செக் மொழியில் ‘ஃப்ளோபெர்ட்கா’ என்றால் சின்னத் துப்பாக்கி, ஹங்கேரியிலும் அப்படியே. ரஷ்யாவில் மட்டும் அவ்வகைத் துப்பாக்கிக்கு ‘மான்டேகிறிஸ்டோ’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

ஃப்ளோபேரின் கேப்பை முழுத் தோட்டாவாக வளர்த்தவர்கள் அமெரிக்காவின் ஹொரேஸ் ஸ்மித்தும் டேனியல் வெஸ்ஸனும். 1857இல் அவர்களுடைய முதல் ரிவால்வரோடு வந்த தோட்டா இன்று ‘.22 ஷார்ட்’ எனப்படுகிறது. இவ்வகைத் தோட்டாவுக்கு ‘ரிம்ஃபயர்’ என்று பெயர். அச்சொல்லின் பொருள் தோட்டாவின் அடிப்பகுதியில் இருக்கிறது. மெல்லிய பித்தளைக் கூட்டின் அடியில் வெளியே பிதுங்கிய விளிம்பு ஒன்று உண்டு. அதன் உட்புறம் வெற்றிடம். ஈரமாக இட்ட வெடிகலவை, கூட்டைச் சுழற்றும்போது அந்த விளிம்புக்குள் ஓடிப் படிந்துவிடும். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கும்; கலவை தீப்பொறியாகும்; மருந்து பற்றும். விளிம்பு நெருப்பு என்பதே பெயர்.

நசுங்க வேண்டுமானால் விளிம்பு மெல்லியதாக இருந்தே ஆக வேண்டும். மெல்லிய கூடு பெரிய அழுத்தத்தைத் தாங்காது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஹென்றி, ஸ்பென்சர் துப்பாக்கிகள் சுட்ட பெரிய விளிம்புத் தோட்டாக்கள் எல்லாம் இந்தக் காரணத்தால் அழிந்துபோயின. நடுவில் பற்றவைக்கும் கனத்த தோட்டாக்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. பெரியவை மடிய, மிகச் சிறியது மட்டும் பிழைத்தது. சுட்ட கூட்டை மறுபடி நிரப்ப முடியாது என்ற குறையும் அதைப் பாதிக்கவில்லை. நிரப்பிப் பயன்படுத்த வேண்டிய அளவுக்கு அது விலையுயர்ந்த பொருளாக இருந்ததே இல்லை.

1887இல் மாசசூசெட்ஸின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் ‘.22 லாங்’ தோட்டாவின் கூட்டில் கனமான 40 கிரெயின் குண்டைப் பொருத்தி, ‘லாங் ரைஃபிள்’ என்று பெயரிட்டது. உலகம் முழுவதும் இன்று சுடப்படும் பாயிண்ட் டூ-டூ பெரும்பாலும் இதுதான். ‘நீள ரைஃபிள்’ என்று பெயர்; தோட்டாவின் நீளமோ ஓர் அங்குலம். ‘ரைஃபிள்’ என்பது கீறுதல் என்று பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. குழலின் உட்சுவரில் திருகு மறைபோல் கீறிய வரிகள் குண்டைச் சுழல வைக்கின்றன. இந்தச் சின்னத் துப்பாக்கியில் வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று.

‘காலிபர்’ இன்னும் தொலைவிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்கு இத்தாலியிலிருந்து, இத்தாலிக்கு அரபியின் ‘காலிப்’ என்ற சொல்லிலிருந்து. பொருள், அச்சு, வார்ப்பு. அரபிச் சொல்லின் பின்னே ஒரு கிரேக்கச் சொல் நிற்பதாகச் சொல்லாராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள்: செருப்புத் தைப்பவர் தோலைப் பொருத்திப் பார்க்கும் மரப்பாதம். மரக்கால் அச்சாகி, அச்சு குண்டு வார்க்கும் அளவாகி, அளவு குழலின் விட்டமாயிற்று.

பிரிட்டனில் இந்தத் துப்பாக்கி தேசியக் காரியமானதற்கு ஒரு போர்க் காயம் காரணம். தென்னாப்பிரிக்காவில் போயர் விவசாயிகள் குறிபார்த்துச் சுட்ட திறமை பேரரசின் படையை உலுக்கிவிட்டது. நம் ஆட்களுக்குச் சுடத் தெரியவில்லை என்ற கவலை நாடெங்கும் பரவியது. 1901இல் உழைக்கும் மக்களுக்கான துப்பாக்கி மன்றங்களின் சங்கம் உருவானது. அதை முன்னின்று ஆதரித்தவர் ராபர்ட்ஸ் பிரபு. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர். பெரிய ராணுவத் துப்பாக்கியைச் சுட நூற்றுக்கணக்கான கஜம் திறந்த வெளி வேண்டும், விலையும் கட்டாது. சின்னத் துப்பாக்கிக்கு ஆலைத் தொழிலாளி வேலை முடித்து வந்து, ஊர்க் கூடத்தில் விளக்கு வெளிச்சத்தில் சுட முடியும். அப்போது அதை ‘மினியேச்சர் ரைஃபிள்’ என்றார்கள். 1947இல் சங்கம் பெயரை மாற்றிக்கொண்டபோது ‘மினியேச்சர்’ போய் ‘ஸ்மால்-போர்’ வந்தது. ‘மினியேச்சர்’ பொம்மையை நினைவூட்டும் சொல். ‘ஸ்மால்-போர்’ அளவை மட்டும் சொல்கிறது. அந்த மாற்றம் சரியானது என்றே எனக்குப் படுகிறது.

ஏனென்றால் இது பொம்மை அல்ல, அதன் கவர்ச்சியும் பொம்மையின் கவர்ச்சி அல்ல. பெரிய துப்பாக்கியில் சுடுபவரின் தோள் உதைக்குப் பயப்படும். விசையை இழுக்கும் கணத்தில் கண் தானாக மூடும். எங்கே தவறினோம் என்பதே தெரியாது. பாயிண்ட் டூ-டூவில் உதை இல்லை என்றே சொல்லலாம். தவறியது மூச்சா, விரலா, கன்னம் கட்டையில் பதிந்த விதமா என்று சுடுபவருக்கு உடனே தெரிந்துவிடும். சாக்குச் சொல்ல எதுவும் மிஞ்சாது. அதனால்தான் கற்றுக்கொடுப்பவர்கள் பல நாடுகளிலும் இதிலிருந்து தொடங்குகிறார்கள், நம் என்.சி.சி. உட்பட.

போட்டிச் சுடுதலில் அது எட்டியிருக்கும் நுட்பம் வியப்பூட்டுவது. ஒலிம்பிக்கின் 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்து மதிப்பெண் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். போட்டித் தோட்டாவை வேண்டுமென்றே ஒலியைவிட மெதுவாகப் போகும்படி செய்கிறார்கள். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். இந்தக் குண்டு 320, 330 மீட்டரில் கிளம்பும். ஒலியைத் தாண்டிப் போய்ப் பிறகு அதற்குக் கீழே இறங்கும் குண்டு, அந்த எல்லையைக் கடக்கையில் தடுமாறும். கிளம்பும்போதே எல்லைக்கு இப்பால் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஐம்பது மீட்டரைக் கடக்க அது எடுத்துக்கொள்வது ஒரு நொடியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அதற்குள் பக்கத்திலிருந்து ஒரு காற்று வீசினால் பத்து ஒன்பதாகிவிடும். ஆகவே இவ்விளையாட்டின் வல்லவர்கள் கொடித்துணி அசைவதைப் படிக்கக் கற்றவர்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கோலாப்பூர்ப் பகுதியைச் சேர்ந்த ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் 451.4 புள்ளிகளோடு வெண்கலம் பெற்றார். மண்டியிட்டு, படுத்து, நின்று என மூன்று நிலைகளிலும் அவர் கையில் இருந்தது பாயிண்ட் டூ-டூதான். இந்தப் பிரிவில் இந்தியாவுக்கு அதுவே முதல் ஒலிம்பிக் பதக்கம்.

சிறுமையைச் சொல்லும் பெயர்களுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. பட்டாணி என்று கூப்பிட்டால் பட்டாணியாகவே நினைக்கத் தோன்றும். ஒரு மைலுக்கு மேலும் குண்டு ஆபத்தானது என்ற எச்சரிக்கை தோட்டாப் பெட்டிகளிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. மெதுவான ஈயக்குண்டு கல்லிலும் தண்ணீரிலும் பட்டுத் தெறித்து, எதிர்பாராத திசையில் போகும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் இதை வைத்திருக்க முடியாது, அது நியாயமே.

பலகையை விட்டு வயலுக்கு வந்தால் பெயர்களும் மாறுகின்றன. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ‘ரூக் ரைஃபிள்’ என்றொரு வகை இருந்தது. ரூக் என்பது நம் காக்கையின் உறவு. மே மாதத்தில் குஞ்சுகள் பறக்கப் பழகாமல் கூட்டருகே கிளையில் வந்து உட்காரும்போது, அவற்றைச் சுட்டு, ‘பை’ எனும் மாவுப் பண்டத்தில் வைத்து வேகவைத்துத் தின்றார்கள். அதற்கென்றே அழகான வேலைப்பாட்டோடு செய்த அத்துப்பாக்கிகளை மலிவான பாயிண்ட் டூ-டூ சந்தையிலிருந்து துரத்திவிட்டது. ஆஸ்திரேலியாவில் 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்ற நிலக்கிழார் வேட்டை விளையாட்டுக்காக இங்கிலாந்திலிருந்து வரவழைத்த முயல்கள் கண்டத்தையே மேயத் தொடங்கின. பண்ணைதோறும் பட்டாணித் துப்பாக்கி நுழைய அவை ஒரு பெருங்காரணம்.

அமெரிக்காவில் இவ்வகைச் சுடுதலுக்கு ‘வார்மிண்ட்’ சுடுதல் என்று பெயர். புழுவைக் குறிக்கும் லத்தீன் ‘வெர்மிஸ்’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘வெர்மின்’ ஆயிற்று. கேடு செய்யும் பூச்சி, எலி, நரி எல்லாம் அதற்குள் அடங்கின. நாட்டுப்புற வாய் அதை ‘வார்மின்’ என்று திரித்து, காரணமில்லாமல் ஒரு ‘ட்’டையும் கடைசியில் ஒட்டியது. இந்தச் சொல் எந்த விலங்கையும் வருணிப்பதில்லை, அதன் மேல் தீர்ப்பு எழுதுகிறது. மேற்குச் சமவெளியின் ‘ப்ரெய்ரி நாய்’ உண்மையில் அணில் குடும்பம். புல்லைத் தின்கிறது, அதன் வளைகளில் குதிரையின் கால் முறிகிறது என்பது மாட்டுப் பண்ணைக்காரரின் குறை. அந்தக் குறை பொய்யில்லை. பயிரை இழந்தவன் துயரத்தை மதிக்காமல் யாரும் இதைப் பேசக்கூடாது. ஆனால் நஞ்சும் கொள்ளைநோயும் துப்பாக்கியும் அவற்றைக் குறைத்தபோது, அவற்றையே தின்று வாழ்ந்த கருங்கால் மரநாயும் மறைந்தது. உலகிலேயே இல்லை என்று நினைத்திருந்த அதன் ஒரு கூட்டம் 1981இல் வயோமிங் மாநிலத்தின் மீட்டீட்ஸி அருகே தெரியவந்தது. பண்ணை நாயொன்று செத்த ஒன்றைக் கவ்வி வந்ததே தடயம்.

2002இல் வந்த ‘.17 எச்.எம்.ஆர்.’ தோட்டா இந்தச் சுடுதலுக்காகவே பேர் போனது: ஒரு கிராமுக்குச் சற்றே அதிகமான குண்டு, நொடிக்கு 770 மீட்டருக்கு மேல் வேகம். கருவியாக அது ஒரு சாதனை. ஆனால் இத்தகைய குண்டுகள் சிதறி உடலில் விடும் ஈயத் துணுக்குகளைக் கழுகும் பருந்தும் தின்று நஞ்சேறுகின்றன. கலிபோர்னியா 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயக்குண்டைத் தடைசெய்தது. பலகையில் சுடும் கலையை முழு மனத்தோடு நேசிக்கிற என்னால், உண்ணவும் பயிர் காக்கவும் அல்லாமல், தொலைவையும் திறமையையும் சோதிக்க உயிரை இலக்காக்குவதை ஏற்க முடியவில்லை. அதற்குக் காகிதம் போதும்.

அந்த லத்தீன் புழு நம் சட்டத்துக்குள்ளும் ஊர்ந்து வந்திருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைக்கு ‘வெர்மின்’ என்றே தலைப்பு. எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றோடு, நாம் அமாவாசைக்குச் சோறு வைத்துக் கூப்பிடும் காக்கையும் அதில் இருந்தது. 2022 திருத்தம் அந்த அட்டவணையை நீக்கியது. ஒரு விலங்கை வெர்மின் என்று அறிவிக்கும் அதிகாரம் மட்டும் 62ஆம் பிரிவின்கீழ் மத்திய அரசிடம் இருக்கிறது. அப்பிரிவின்படி 2015இல் பீகாரில் நீலமானும், 2016இல் இமாசலத்தில் குரங்கும் குறிப்பிட்ட பகுதிகளுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு அந்தப் பெயரைச் சுமந்தன.